ஜவுவே அம்மாவும் எங்கட ஊர்ச் சங்கமும்

கனகாலமாக எழுதவேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்த விடயம் இது. போன மாதம் எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் நடந்த ஒரு கதைதான் இப்போது என்னை இருத்தி எழுத வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு வர முதல் உங்களைக் கொஞ்சம் சுற்றி, தென்னமெரிக்காவில் இருக்கிற பிரெஞ்சுக் கயானா வரைக்கும் கூட்டிக்கொண்டு போகவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பரிசுக்கு வந்தது 1991இல். ஒப்ராவில் அகதி விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, பதில் வரும் வரைக்கும் ஒரு உணவகத்தில் கள்ளமாகக் கோப்பை கழுவினேன். அங்கே மரக்கறி வெட்டுகிறவன் லாவோஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு மோங் பெடியன். அவனும் அகதிதான், ஆனால் எனக்குப் பத்து வருடத்துக்கு முதலே வந்தவன். இரண்டு பேருடைய பிரெஞ்சும் சேர்ந்தால் ஒரு ஆளுடைய பிரெஞ்சு வரும். ஒருநாள் பயற்றங்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது, தன் மாமா கயானாவில் காடு வெட்டித் தோட்டம் செய்கிறார், சந்தையில் மரக்கறி விற்கிறார் என்று சொன்னான். எந்த ஊர் என்று கேட்டேன். "ஜவுவே" என்றான். அப்படியும் ஒரு பெயரா என்று கேட்டதற்கு, அது ஒரு கன்னியாஸ்திரியின் பெயராம் என்றான். அதற்கு மேல் அவனுக்கும் தெரியவில்லை.

அந்த நாட்களில் சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்து மண்டபத்தில் அகதிகளுக்கு இலவசமாகப் பிரெஞ்சு படிப்பித்தார்கள். படிப்பித்தவர் எழுபது வயது தாண்டிய ஒரு சிஸ்டர். (நான் சைவம். ஆனால் பிரெஞ்சு வினைச்சொற்களுக்குச் சமயம் கிடையாது.) அவரிடம் போய் ஜவுவே என்றால் ஆர் என்று கேட்டேன். கையில் இருந்த சோக்கட்டியை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு "அவங்க எங்க அம்மா. நீங்க உட்காருங்க" என்றார், தமிழில்! பாண்டிச்சேரியில் பல வருடம் இருந்தவராம். ஒரு வெள்ளைக்கார மனுசி இந்தியத் தமிழ் கதைக்க, யாழ்ப்பாணத்தான் நான் வாய் பிளந்து நின்றேன். நான் கதைத்தது அவருக்கு விளங்கவில்லை என்பது வேறு விடயம்.

அவர் சூசையப்பர் குளூனி சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபையைத் தொடங்கியவர் ஆன் மரி ஜவுவே. சிஸ்டர் தந்த ஒரு தடித்த புத்தகத்தை அகராதியோடு ஒரு குளிர்காலம் முழுக்க வாசித்தேன். அது சபையின் கண்ணால் எழுதிய சரித்திரம். பின்னாளில் நூலகத்தில் வேறு வரலாற்றாசிரியர்கள் எழுதியதையும் தேடிப் படித்தேன். இரண்டையும் சேர்த்துத்தான் கீழே எழுதுகிறேன்.

ஜவுவே 1779இல் பிரான்சின் பூர்கோன் பகுதியில் ஜலாஞ் என்ற ஊரில், வசதியான ஒரு விவசாயியின் மகளாகப் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சி நடந்தபோது பத்து வயதுப் பிள்ளை. கோயில்கள் பூட்டி, குருமார் ஒளித்துத் திரிந்த காலத்தில் வளர்ந்த இந்தப் பெட்டை, இரவில் குருமாரை ஒளித்து வைத்து, பகலில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஞானோபதேசம் படிப்பித்தது. தகப்பனுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் பிறகு அதே தகப்பன்தான் குளூனியில் ஒரு பழைய மடத்தை மகளுக்கு வாங்கிக் கொடுத்தார். 1807இல் ஷலோன் நகரில் தன் மூன்று உடன்பிறந்த சகோதரிகளோடும் இன்னும் ஐந்து பெண்களோடும் துறவு உடுப்பு உடுத்தார். 1812இல் குளூனிக்குப் போனார்கள். சபையின் பெயரும் அங்கிருந்து வந்தது.

பிறகு நடந்தது பெரிய வேகம். 1817இல் ரெயூனியன் தீவு (அப்போது அதன் பெயர் பூர்போன்), 1819இல் செனகல், 1827இல் பாண்டிச்சேரி. கப்பல் போகிற இடமெல்லாம் இந்தச் சிஸ்டர்மார் போனார்கள். சும்மா போகவில்லை. குடியேற்ற நாடுகளில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்துவதற்கு ஆள் தேவைப்பட்ட பிரெஞ்சுக் கடற்படை அமைச்சு அவர்களை அனுப்பியது, காசும் அது கொடுத்தது. இதை மறைக்காமல் சொல்லவேண்டும். பிரெஞ்சுக் கொடி போன இடத்துக்குத்தான் இவர்களும் போனார்கள்.

ஜவுவே 1822இல் தானே செனகலுக்குப் போனார். அங்கிருந்து ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த கம்பியாவுக்கும் சியேரா லியோனுக்கும் போய் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தார். ஆபிரிக்கப் பிள்ளைகளைப் படிப்பித்தால் அவர்களிலிருந்தே குருமாரும் ஆசிரியர்களும் வருவார்கள் என்று நம்பினார். அந்தக் காலத்தில் அப்படி நம்பியவர்கள் மிகக் குறைவு. செனகலிலிருந்து பிள்ளைகளைப் பிரான்சுக்குக் கொண்டுவந்து படிக்க வைத்தார். பலர் நோயில் இறந்துபோனார்கள். தப்பியவர்களில் மூன்று பேர் 1840இல் குருப்பட்டம் பெற்றார்கள். அவர்களில் ஒருவரான தவித் புவாலா 1853இல் செனகல் மக்களைப் பற்றி எழுதி வெளியிட்ட புத்தகம் இன்றைக்கும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிற புத்தகம். இறந்த பிள்ளைகளின் தாய்மாருக்கு ஆர் கடிதம் எழுதினார்கள், என்ன எழுதினார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. எங்கட பக்கத்திலும் பிள்ளையைப் பாதுகாப்பாக எங்கேயாவது அனுப்பிவிட்டுக் காத்திருந்த தாய்மார் கொஞ்சமில்லை.

இனி மானா. பிரெஞ்சுக் கயானாவின் மேற்கில், மானா ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். 1828இல் சிஸ்டர்மார், பிரெஞ்சு விவசாயிகள், தொழிலாளர்கள் என்று சுமார் நூறு பேரோடு ஜவுவே அங்கே போய்க் காடு வெட்டினார். கொண்டுபோன விவசாயிகளில் பெரும்பாலானோர் ஒப்பந்தம் முடியத் திரும்பி ஓடிவிட்டார்கள். சிஸ்டர்மார் ஓடவில்லை. தீவொன்றில் தள்ளி வைத்திருந்த தொழுநோயாளர்களை 1833இல் மானாவுக்குப் பக்கத்தில் அக்கருவானி என்ற இடத்துக்குக் கொண்டுவந்து பராமரித்தார்கள். இந்த அக்கருவானி என்ற பெயரை ஞாபகம் வைத்திருங்கள்.

1831இல் பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டது. அடிமை வியாபாரம் குற்றம். கடலில் பிடிபடுகிற அடிமைக் கப்பல்களில் இருக்கும் ஆபிரிக்கர்கள் சுதந்திரமானவர்கள். ஆனால்... இந்த 'ஆனால்' எங்களுக்கு நல்ல பழக்கமானது. அவர்கள் ஏழு வருடம் வரைக்கும் அரசாங்கத்துக்கு வேலை செய்யவேண்டும். அதாவது நீ விடுதலை பெற்றவன், விடுதலை பிறகு வரும். ஊருக்கும் திருப்பி அனுப்பமாட்டார்கள். கயானாவில் இப்படி அகப்பட்டிருந்த சுமார் 500 பேரை 1835இல் அரசாங்கம் ஜவுவேயிடம் ஒப்படைத்தது. அவர்களைச் 'சுதந்திரத்துக்குத் தயார்' செய்யவேண்டும். இதுதான் வேலை.

அவர் அந்த வேலையைத் தன் முறையில் செய்தார். அடி கிடையாது. சாராயம் கிடையாது. கலியாணம் கட்டவேண்டும், சமயம் படிக்கவேண்டும், தோட்டம் செய்யவேண்டும். கயேன் நகரத்து அடிமை முதலாளிமாருக்கு இது வயிற்றெரிச்சல். இந்த மனுசி எங்கட அடிமைகளையும் கெடுக்கப் போகிறாள் என்று கத்தினார்கள். 1838 மே 21இல் 185 பேருக்கு ஒரே நாளில் விடுதலைப் பத்திரம் கொடுக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஒரு குடிசை, ஒரு துண்டு நிலம். பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்க அதற்குப் பிறகும் பத்து வருடம் எடுத்தது, 1848 வரைக்கும். அந்த 185 பேரின் நாளை நினைக்க எனக்கு இப்போதும் மயிர் கூச்செறியும். ஒரு பத்திரத்துக்காகப் பிரிபெக்சர் வாசலில் விடிய நாலு மணிக்கு வரிசையில் நின்றவனுக்கு அது விளங்கும்.

ஆனால் பத்திரம் கிடைத்தவர்களும் அம்மாவின் கையின் கீழ்தான் இருந்தார்கள். மானா வெளியுலகத்திலிருந்து ஒதுங்கி இருக்கவேண்டும் என்று ஜவுவே விரும்பினார். கயேனுக்குப் போனால் கெட்டுப்போவார்கள் என்று பயந்தார். அவர் கண்ணில் அவர்கள் பிள்ளைகள், அவர் தாய். தாய் என்றால் பாசமும் இருக்கும், சாவியும் இருக்கும். இன்னொன்றையும் சபையின் புத்தகம் மெல்லமாகத்தான் சொல்கிறது: மானாவின் முதல் வருடங்களில் சபையே அடிமைகளையும் வாங்கி வைத்திருந்தது. நல்லபடி நடத்தத்தான் வாங்கினார்கள் என்பது அவர்கள் தரப்பு. வரலாற்றாசிரியர்கள் அவ்வளவு சுலபமாக விடுவதில்லை, நானும் விடமாட்டேன்.

இனித்தான் என்னை உலுப்பிய பகுதி. இதே காலத்தில் ஜவுவேக்கு மேலேயும் ஒருவர் சாவி வைத்திருக்கப் பார்த்தார். ஓத்தன் நகரத்து ஆயர் தெரிக்கூர். குளூனி அவருடைய மறைமாவட்டத்துக்குள் இருந்தது. பெண்கள் தாங்களே ஒரு சபையை, அதுவும் மூன்று நான்கு கண்டங்களில் பரவிய சபையை, ஆள முடியாது, தானே அதன் தலைவர் என்றார். விதிகளை மாற்ற வைத்தார். ஒரு கட்டத்தில் ஜவுவே நெருக்குதலில் கையெழுத்தும் போட்டுவிட்டார். பிறகு யோசித்துப் பார்த்து, அது செல்லாது என்று திருப்பி எழுதினார். சபையின் தலைவி நான், சபை என்னைத் தெரிந்தெடுத்தது, ஆயருக்கு அவருடைய மறைமாவட்டத்தில் அதிகாரம் உண்டு, என் சபை முழுவதின் மேலும் கிடையாது. இவ்வளவுதான் அவருடைய நிலைப்பாடு. அதிலிருந்து அவர் அசையவே இல்லை.

பழிவாங்கல் கயானா வரைக்கும் வந்தது. அங்கிருந்த திருச்சபை அதிகாரி ஜவுவேக்கு நற்கருணை கொடுப்பதைத் தடுத்தார். தான் கட்டிய ஊரில், தான் கட்டிய கோயிலில், தன் சிஸ்டர்மாரும் தான் விடுவித்த மக்களும் எழும்பிப் போய் நற்கருணை வாங்க, அறுபது தாண்டிய அந்த மனுசி இருந்த இடத்தில் இருந்தார். 1843இல் கயானாவை விட்டுப் புறப்படும் வரைக்கும், சுமார் இரண்டு வருடம். விசுவாசமுள்ள ஒரு ஆளுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று சைவக்காரன் எனக்குச் சிஸ்டர்தான் விளங்கப்படுத்தினார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது, தன் சொந்தத் தாய்க்கு நடந்ததைச் சொல்வது போல. அந்த ஆயர் 1851 ஜூலையில் இறந்தார். சில நாட்களில், ஜூலை 15இல், ஜவுவேயும் பரிசில் இறந்துபோனார். 1950இல் ரோமாபுரி அவரை முத்திப்பேறு பெற்றவர் என்று அறிவித்தது.

லூயி பிலிப் அரசன் அவரை ஒரு பெரிய ஆண்மகன் என்று புகழ்ந்ததாகச் சொல்வார்கள். புகழ்வதற்குக்கூட அந்த மனுசியை ஆண் ஆக்கவேண்டியிருந்திருக்கிறது.

இப்போது என் கேள்வி. உன்னால் உன்னை ஆள முடியாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு ஆயர் சொன்னபோது, அதில் இருந்த அவமானம் ஜவுவேக்கு எலும்பு வரைக்கும் விளங்கியது. அதற்கு எதிராக வருடக்கணக்காக நின்றார், நற்கருணை இல்லாமலும் நின்றார். அதே வருடங்களில், அதே மானாவில், 500 ஆபிரிக்கர்களுக்கு அவரே அந்த ஆயராக இருந்தார். இது எப்படி அவர் கண்ணில் படாமல் போனது? கெட்ட மனுசி என்றால் பதில் சுலபம். அவர் கெட்ட மனுசி இல்லை. கயேன் முதலாளிமாரோடு வைத்துப் பார்த்தால் மலையும் மடுவும்.

சிஸ்டரிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். என் பிரெஞ்சு அப்போது கேள்வி கேட்கிற அளவுக்கு வளர்ந்திருந்தது. கோபிப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பாண்டிச்சேரியில் தாங்கள் நடத்தும் பூவேலை நிலையத்தைப் பற்றிச் சொன்னார். 1829இலிருந்து நடக்கிறது. ஏழைப் பெண்கள் வந்து துணியில் ஊசியால் பூப்போட்டுச் சம்பளம் வாங்குகிறார்கள். அங்கே இருந்த வருடங்களில் ஒருமுறைகூட, எந்தப் பூ போடலாம் என்று அந்தப் பெண்களிடம் தான் கேட்டதில்லையாம். படம் பிரான்சிலிருந்து வரும், அவர்கள் தைப்பார்கள். "கேட்டிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான் பதில். பிறகு வினைச்சொல்லுக்குத் திரும்பிவிட்டார்.

நான் கேட்டதற்கும் காரணம் இருந்தது. வந்த புதிதில் எட்டு மாதம் ஒரு அகதிகள் விடுதியில், புவாயேயில், இருந்தேன். நல்ல இடம், குறை சொல்லமாட்டேன். எனக்குப் பல் வலித்தபோது பொறுப்பாளர் மனுசி தன் காரிலேயே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். ஆனால் இரவு பத்து மணிக்குக் கதவு பூட்டு. வெளியில் தங்குவதென்றால் முன்கூட்டியே கையெழுத்து. அறையில் சமைக்கக் கூடாது. நான் லாச்சப்பலில் கடன் பட்டு வாங்கிய றைஸ் குக்கரை அதே மனுசிதான் எடுத்துக்கொண்டு போய் அலுமாரியில் பூட்டினார். துண்டு எழுதித் தந்தார். எட்டு மாதம் கழித்து நான் வெளிக்கிட்ட அன்று, தூசு துடைத்து, சிரித்த முகத்தோடு திருப்பித் தந்தார். அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். அந்த அலுமாரியை நினைத்தால் இன்றைக்கும் முகம் சூடாகும்.

மானாவின் கதை ஜவுவேயோடு முடியவில்லை. அடிமை முறை ஒழிந்த பிறகு கயானாவுக்குக் கூலி ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1850களின் நடுப்பகுதியிலிருந்து இருபது வருடத்துக்கு இந்தியாவிலிருந்து, எங்கட தமிழ்ச் சனமும் உட்பட, எட்டாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கப்பலில் கொண்டுபோனார்கள். செத்தவர்கள் அவ்வளவு பேர் என்பதால் 1876இல் பிரித்தானிய அரசே ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அது தனியாக எழுதவேண்டிய கதை.

1979இல் மோங் அகதிகளை மானாப் பக்கத்தில் குடியேற்றி, அந்த ஊருக்கு ஜவுவே என்று பெயர் வைத்தார்கள். என் கூட்டாளியின் மாமா அப்படிப் போனவர். 1986இல் பக்கத்து நாடான சுரினாமில் உள்நாட்டுப் போர் வந்தபோது சுமார் பத்தாயிரம் பேர் மறோனி ஆற்றைக் கடந்து ஓடிவந்தார்கள். பிரான்ஸ் அவர்களை அகதிகள் என்று ஏற்கவில்லை. 'தற்காலிகமாக இடம்பெயர்ந்த ஆட்கள்' என்று ஒரு புதுப் பெயர் கண்டுபிடித்தது. அவர்களை வைத்த முகாம்களில் ஒன்று அக்கருவானி, பழைய தொழுநோய் இல்லம் இருந்த அதே இடம். 1992இல் முகாம்களை மூடி, கையில் கொஞ்சக் காசு கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். நான் பரிசில் என் றைஸ் குக்கருக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் அவர்கள் அந்த முகாமில் இருந்திருக்கிறார்கள். அது எனக்கு அப்போது தெரியாது.

இப்போது சங்கத்துக்கு வருகிறேன்.

2010இலிருந்து எங்கள் ஊர்ச் சங்கம் வன்னியில் 23 குடும்பங்களுக்கு மாதாமாதம் காசு அனுப்புகிறது. பெரும்பாலும் போரில் கணவனை இழந்த பெண்கள். நல்ல வேலை. ஆனால் மெல்ல மெல்ல விதிகள் வந்து சேர்ந்தன. வாங்கிய சாமானோடு படம் எடுத்து அனுப்பவேண்டும். பற்றுச்சீட்டு அனுப்பவேண்டும். போன் காட் வாங்கக் கூடாது. மறுமணம் செய்தால் காசு நிற்கும். இந்தக் கடைசி விதிக்குக் கை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன். மானாவைப் பற்றி வாசித்து முடித்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, ஒரு மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டு, ஒரு யோசனையும் இல்லாமல் கையை உயர்த்தினேன்.

போன மாதம் ஒரு பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு வருடக் காசை ஒரேயடியாகத் தந்தால் ஒரு தையல் மெசினும் துணியும் வாங்கிச் சின்னதாகக் கடை போடலாம், அதற்குப் பிறகு காசு வேண்டாம் என்று கேட்டிருந்தா. செயலாளர் கடிதத்தின் முதல் பாதியை வாசித்தார். முன்வரிசையில் இருந்த ஒரு அண்ணை, "தம்பி, அவைக்குக் காசைக் கையாளத் தெரியாது. ஒரேயடியாய்க் குடுத்தால் ஒரு மாதத்திலை முடிச்சுப்போடுவினம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கெட்ட மனிதர் இல்லை அவர். சுனாமி நேரம் தன் இரண்டு மாதச் சம்பளத்தை அப்படியே தூக்கிக் கொடுத்தவர். அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மெத்ரோவில்தான் சிஸ்டரின் ஞாபகம் வந்தது.

சிலர் சொல்லக்கூடும், காசு எங்களுடையது, கணக்குக் கேட்கக் கூடாதா என்று. கேட்கலாம், செயலாளரிடம் கேளுங்கள். அந்தப் பெண்களிடம் படம் கேட்பதையும், கலியாணம் செய்யாதே என்பதையும் கணக்கு என்று சொல்லாதீர்கள். எங்களில் எத்தனை பேர் இந்த நாட்டில் சமூக உதவிக் காசு வாங்கினோம்? அந்தக் காசில் ஊருக்கு எத்தனை தரம் போன் எடுத்தோம்?

அடுத்த கூட்டம் வருகிற மாதம் முதல் ஞாயிறு, பின்னேரம் மூன்று மணிக்கு. மறுமண விதியையும் பட விதியையும் எடுக்கவேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதிச் செயலாளருக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த விதிக்குக் கை உயர்த்தியவன் நான் என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறேன். தீர்மானத்துக்கு முதல் அந்தப் பெண்ணின் கடிதத்தை வாசிக்கவேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். இரண்டாம் பாதியையும் சேர்த்து.